எனக்காக வைத்த தட்டு

786

யான்பு
14.5.1995

அன்புத் தங்கை ஹாலிதாவுக்கு, காக்கா சாதிக் பாட்ஷா எழுதும் சலாம். அல்லாஹ் கிருபையால் நான் சுகம். நீயும் கலீல் மச்சானும் ஹிஃப்ஸாவும் ஹஜ்ஜுப் பெருநாளை நல்லபடியாகக் கொண்டாடியிருப்பீர்கள். எங்கள் கேம்பில் பிரியாணி போட்டார்கள். அரிசி குழைந்திருந்தது, இறைச்சி வேகவில்லை. அதற்கும் வரிசையில் நின்றோம்.

நீ மறு உறையில் போட்டு அனுப்பிய செக் நாட்டுக் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. யாரோஸ்லாவ் பெரியவர் எழுதியது. இந்தச் சவூதி வேலைக்கு வருமுன் நான் ஷார்ஜாவில் சரவிளக்குக் கடையில் சேல்ஸ்மேனாக இருந்தபோது, மூன்று வருடம் முன்னால், முதலாளி என்னைச் சரக்குப் பார்க்க பிராக் ஊருக்கு அனுப்பினாரே, அந்தக் கண்ணாடிப் பட்டறைக்காரர். சர்க்கார் பிடுங்கி வைத்திருந்த பட்டறை அப்போதுதான் அவர் குடும்பத்துக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. நாங்கள்தான் முதல் வெளிநாட்டு வியாபாரம்.

உனக்குச் சொல்லாத ஒன்று. அங்கே ஒரு பெரிய விளக்கு என் கைதவறி உடைந்துவிட்டது. கூட வந்தவர், “லாரில ஏத்தும்போது உடஞ்சதுன்னு சொல்லிருவோம் பாய்” என்றார். நான் பெரியவரிடம் போய், என் கைதான் என்றேன். அவர் கோபப்படவில்லை. அன்று சாயங்காலம் விருந்துக்குக் கூட்டிப் போனார். பழைய ஊருக்கு நடுவில், பூமிக்கு அடியில் கல் மண்டபம் போல ஒரு சாப்பாட்டுக் கடை. அறுநூறு வருடத்துக் கட்டடமாம். மற்ற எல்லோர் முன்னாலும் வாத்தும் பன்றியும் பீரும் இருந்தன. எனக்கு மட்டும் வெண்ணெயில் பொரித்த ஆற்றுமீன் சொல்லி, அது பொரியும் சட்டி தனிச் சட்டிதானா என்று சமையல்கட்டு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “நீ சொந்தமாகக் கடை வைக்கும்போது அமீரகம் முழுவதும் என் சரக்கு உனக்குத்தான், வேறு கைக்குத் தரமாட்டேன்” என்றார்.

இப்போது அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஆகஸ்ட் முதல் வாரம் வரச் சொல்லி எழுதியிருக்கிறார். என் பாஸ்போர்ட் கம்பெனி ஆபீசில் இருக்கிறது. டிசம்பரில் அக்ரிமெண்ட் முடியும்வரை லீவு மாஃபி, கிடையவே கிடையாது என்கிறார்கள். என் சார்பில் மச்சான் போய்வர முடியுமா? அவருக்கு முதலாளி பத்து நாள் விடுவாரா? பெரியவரின் கடிதங்கள் வழக்கம்போல உங்கள் அஜ்மான் பெட்டி எண்ணுக்கே வரட்டும். இங்கே ஆபீசில் பிரித்துப் பார்த்துவிட்டு, இஷ்டம்போலத்தான் தருகிறார்கள்.

வஸ்ஸலாம்.
உன் காக்கா



அஜ்மான்
2.6.1995

பிரியமுள்ள காக்காவுக்கு ஹாலிதாவின் சலாம். உங்கள் சுகத்துக்கு எல்லா வக்தும் துஆ செய்கிறேன். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. குழாயைத் திறந்தால் கொதிக்கிற தண்ணீர்தான் வருகிறது. ஹிஃப்ஸா, “மாமு எப்ப வருவாங்க” என்று இங்கிலீஷும் தமிழும் கலந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உங்கள் கடிதத்தை ஹிஃப்ஸா வாப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். சந்தோஷமாகப் போய்வருகிறேன் என்றார்கள். அவர்கள் வேலை பார்க்கிற கடையும் முன்போல் இல்லை. விசா கொடுத்த அரபி கஃபீல் கடையை மூடப்போவதாகப் பேச்சு. விசா என்ன ஆகுமோ என்று அவர்களுக்குத் தூக்கமில்லை. இந்த நேரத்தில் இது வந்தது நல்லதுதான்.

ஒன்று கேட்கச் சொன்னார்கள். ஒப்பந்தம் உங்கள் ஒருவர் பேரில்தானா, இரண்டு பேர் பேரும் வருமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான். தவறாக நினைக்க வேண்டாம்.

பெரியவருக்குக் கொடுக்க ஊரிலிருந்து வந்த தொதல் அல்வாவில் ஒரு டப்பா எடுத்து வைத்திருக்கிறேன். தேங்காய்ப்பால் வாசனை அவருக்குப் பிடிக்குமா?

வஸ்ஸலாம்.
தங்கை ஹாலிதா



யான்பு
20.6.1995

அன்புத் தங்கை ஹாலிதாவுக்குச் சலாம். சுகம். இரண்டு நாளாகப் புழுதிக்காற்று. ஸ்டோரில் கணுக்கால்வரை மணல்.

ஒப்பந்தம் என் பேரில்தான். அது பெரியவர் வைத்த நிபந்தனை, என் ஆசை இல்லை. கடை வந்ததும் மச்சான்தான் அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறார். எனக்கு விளக்குத் தெரியும், ஆட்களைச் சமாளிக்கத் தெரியாது. அவருக்கு அது தெரியும். பேரில் என்ன இருக்கிறது?

என் சார்பில் கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் கொடுத்து இந்தியத் துணைத் தூதரக முத்திரையோடு பத்திரம் இதோடு வைத்திருக்கிறேன். அதற்காக ஒரு வெள்ளிக்கிழமை ஜித்தா போய்க் காத்திருந்து மறுநாள் வாங்கிவந்தேன். மச்சானிடம் சொல்: அந்தக் கடையில் “மீன்” என்றால் போதும், பெரியவருக்குப் புரியும்.

அக்ரிமெண்டைப் புதுப்பிக்கவில்லை என்று மேனேஜரிடம் வாயால் சொல்லிவிட்டேன்.

வஸ்ஸலாம்.
உன் காக்கா



அஜ்மான்
16.8.1995

மரியாதைக்குரிய மச்சான் சாதிக் பாட்ஷா அவர்களுக்குக் கலீலுர் ரஹ்மானின் அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் துஆ பரக்கத்தால் பயணம் நல்லபடியாக முடிந்தது. வந்து ஒரு வாரம் ஆகிறது. உடம்பு அலுப்பால் உடனே எழுத முடியவில்லை.

மச்சான், பிராக் ஊரைப் பார்த்துவிட்டுத் துபாயைப் பார்த்தால் துபாய் நேற்று முளைத்த ஊர் மாதிரி இருக்கிறது. எங்கு பார்த்தாலும் கோபுரம், கல் பாலம், கல் பாவிய தெரு. ஆகஸ்ட் மாதத்தில் எனக்குக் கோட்டுத் தேவைப்பட்டது.

நீங்கள் சொன்ன அதே கடைக்குத்தான் பெரியவர் அழைத்துப் போனார். தெருவிலிருந்து இருபது படி கீழே இறங்க வேண்டும். ஒரு காலத்தில் அதுதான் தெருமட்டமாம். ஆற்றில் அடிக்கடி வெள்ளம் வந்ததால் ஊரையே மண் கொட்டி உயர்த்தினார்களாம். உள்ளே போனால் நம்ம ஊர் பழைய ஜும்மாப் பள்ளியின் கல் கூரை ஞாபகம் வந்தது. ஆனால் வளைவு வளைவாக, புகை படிந்து கறுத்து. நீளமான மர மேஜை. ஒவ்வொரு குவளை பீர் கொண்டு வைக்கும்போதும் மேஜையில் கிடக்கும் துண்டுக் காகிதத்தில் சர்வர் ஒரு கோடு கிழிக்கிறான்.

முதலில் உருளைக்கிழங்கும் காளானும் போட்ட சூப். சீரக வாசனை தூக்கலாக இருந்தது, நம்ம நாக்குக்கு ஒத்துக்கொண்டது. பிறகு எனக்கு மீன், தலையோடு. மற்றவர்களுக்கு வாத்தும் புளித்த முட்டைக்கோசும். கூடவே மாவை உருட்டித் திரட்டி அவித்து, கத்தியால் இல்லாமல் நூலால் அறுத்த துண்டுகள். இட்லிக்கும் கொழுக்கட்டைக்கும் பிறந்த பிள்ளை மாதிரி. கடைசியில் அதே மாவுக்குள் பிளம் பழம் வைத்து, மேலே உருக்கிய வெண்ணெயும் சர்க்கரையும். நான் மூன்று சாப்பிட்டேன். தொதல் டப்பாவை எல்லோரும் சுற்றிவிட்டுச் சுவைத்தார்கள்.

பெரியவர், அவர் வீட்டம்மா, மகள் லென்கா, பட்டறை ஆட்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். சாப்பிடுவதற்கு முன் எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் பேசாமல் நின்றார்கள். நானும் நின்றேன். ஆள் இல்லாத ஒரு நாற்காலிக்கு முன்னால் ஒரு தட்டும் வைத்திருந்தார்கள். அவர்கள் ஊர் வழக்கம் போலிருக்கிறது.

பேச்சுவார்த்தை நல்லபடியாக நடந்தது. விவரம் நேரில் சொல்கிறேன்.

தங்கள் பிரியமுள்ள
கலீலுர் ரஹ்மான்



யான்பு
30.8.1995

அன்பு மச்சானுக்கும் ஹாலிதாவுக்கும் சலாம். அல்ஹம்துலில்லாஹ்.

மச்சான், உங்கள் கடிதத்தை ரூமில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நூலால் அறுக்கிற மாவைக் கேட்டுச் சிவசங்கரன் சிரித்துக்கொண்டே இருந்தான். என் ரூமில் இருக்கும் மதுரைப் பையன், ஆபீஸ் டைப்பிஸ்ட். நான் போனபோது அந்தத் தட்டு வழக்கத்தைப் பார்க்கவில்லை. ஒருவேளை பண்டிகை நாளாக இருந்திருக்கும்.

பெரியவர் என்னை விசாரித்தாரா? பழைய மாதிரியே கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறாரா? அதை நீங்கள் எழுதவே இல்லை. ஒப்பந்தத்தின் நகல் ஒன்று அனுப்புங்கள். படித்துப் பார்க்க இல்லை, கையில் வைத்துப் பார்க்க.

வஸ்ஸலாம்.
சாதிக் பாட்ஷா



அஜ்மான்
18.10.1995

பிரியமுள்ள காக்காவுக்குச் சலாம். உங்களுடைய மூன்று கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். ஹிஃப்ஸாவுக்கு அம்மை போட்டிருந்தது. இப்போது தலைக்கு ஊற்றியாகிவிட்டது. கன்னத்தில் ஒரு தழும்பு மட்டும் இருக்கிறது. எனக்கும் தலைவலி அடிக்கடி வருகிறது. டாக்டர் கண்ணாடி போடச் சொல்கிறார்.

ஊரில் உம்மா சுகமாக இருப்பதாக உங்கள் வீட்டு மைனி அஃபீஃபா எழுதியிருந்தார்கள். மழை நன்றாகப் பெய்கிறதாம்.

ஹிஃப்ஸா வாப்பா ஷார்ஜாவில் கடைக்கு இடம் பார்க்க அலைகிறார்கள். நகல் பற்றிக் கேட்டேன். தருகிறேன் என்றார்கள்.

காக்கா, நீங்கள் வேலையை அவசரப்பட்டு விட வேண்டாம். இன்னும் ஒரு வருடம் புதுப்பித்தால் என்ன? யோசித்துச் செய்யுங்கள். மற்றவை நேரில்.

தங்கை ஹாலிதா



யான்பு
10.11.1995

அன்புத் தங்கை ஹாலிதாவுக்குச் சலாம். குழந்தைக்கு அம்மை இறங்கியது கேட்டு நிம்மதி. தழும்பு வளர வளர மறையும். உன் தலைவலியைச் சும்மா விடாதே.

ஒரு வருடம் புதுப்பிக்கச் சொல்கிறாய். உன் கடிதம் வருவதற்கு முன்பே ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜனவரிக் கடைசியில் ஃபைனல் எக்ஸிட், இந்த நாட்டை விட்டே போக வேண்டும். இனி கேட்டாலும் தரமாட்டார்கள். என் இடத்துக்கு ஆளும் வந்துவிட்டான். ஷார்ஜா விசா எப்போது வரும் என்று மச்சான் ஒரு வரி எழுதினால் போதும். இரண்டு தடவை போன் செய்தேன். ஹிஃப்ஸா எடுத்து, “வாப்பா இருக்காங்க” என்றாள். பிறகு யாரோ அவளிடம் ஏதோ சொல்வது கேட்டது. “இல்ல மாமு, வெளிய போயிருக்காங்க” என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரியவரிடமிருந்தும் நாலு மாதமாக ஒரு வரி இல்லை. அவர் அப்படி இருக்கக்கூடியவர் அல்ல. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து, போன வாரம் நானே சிவசங்கரனை விட்டு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி அவர் பட்டறை விலாசத்துக்குப் போட்டிருக்கிறேன். பதிலை இந்தக் கேம்ப் விலாசத்துக்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

உன் காக்கா



அஜ்மான்
27.11.1995

காக்காவுக்குச் சலாம்.

பெரியவருக்கு நேரடியாக ஏன் எழுதினீர்கள்? அந்தக் கடிதத்தைத் தபாலிலிருந்து திரும்ப வாங்க வழி இருக்கிறதா? இருந்தால் உடனே செய்யுங்கள். கேள்வி கேட்காமல் செய்யுங்கள்.

ஹாலிதா



யான்பு
11.1.1996

ஹாலிதாவுக்கு,

நான் சுகம். நான் சுகமாக இருக்கிறேன் என்பதை உனக்குத் தனியாக எழுதித் தெரிவிக்க வேண்டியிருக்கிறது.

செக் நாட்டிலிருந்து நேற்றுப் பதில் வந்தது. பெரியவருக்காக லென்கா எழுதியிருக்கிறாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், ஆகவே சிவசங்கரன் வாசித்தான். முதல் வரி இது: “நீங்கள் யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை; இறந்துபோன எங்கள் நண்பரின் பேரைப் பயன்படுத்தி எழுதுவது கொடுமை.” சிவசங்கரன் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான், “வாசி” என்றேன்.

சாதிக் பாட்ஷா போன ஜூலை மாதம் மாரடைப்பில் இறந்துவிட்டாராம். அந்தச் செய்தியோடு அவருடைய மைத்துனர் வந்தாராம். அவருக்காக அதே கடையில் விருந்து வைத்தார்களாம். போனவரின் நாற்காலியைக் காலியாக விட்டு, அவருக்குப் பிடித்த மீனைத் தட்டில் வைத்து, எல்லோரும் எழுந்து நின்றார்களாம். பெரியவர் அன்று சாப்பிடவே இல்லையாம். அவர் வீட்டம்மா இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை தோறும் சர்ச்சில் எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றுகிறாராம். என் நினைவாக, என் குடும்பத்துக்கே போகட்டும் என்று ஒப்பந்தத்தை மைத்துனர் பேருக்கு எழுதிக் கொடுத்தாராம்.

அந்த மேஜையில் உட்கார்ந்து மச்சான் பிளம் பழ உருண்டை மூன்று சாப்பிட்டிருக்கிறார். அதை எனக்கே எழுதவும் செய்தார்.

இதுவரை மச்சான் மேல் மட்டும்தான் என் கோபம் போனது. பிறகு சிவசங்கரன் உறைக்குள் இருந்த இன்னொரு காகிதத்தை எடுத்தான். மரணச் செய்தியை எழுதிய கடிதத்தின் முதல் பக்கம், நகல். ஆதாரத்துக்காக அனுப்பியிருந்தார்கள். அவன் வாசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ ‘எஸ்’ எழுத்தை மட்டும் அன்னம் மாதிரி வளைத்து எழுதுவாய். அவன் நகலைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: “பாய், ஒங்களுக்குத் தங்கச்சி யாராச்சும் இருக்காங்களா?”

நகலை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

நான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க, கேம்ப் வாசலில் அன்றைய செய்தித்தாளைக் கையில் பிடித்து ஒரு போட்டோ எடுத்தான். பாஸ்போர்ட் நகலோடு அதை அனுப்பிவிட்டேன். இருபத்தெட்டாம் தேதி இங்கிருந்து எக்ஸிட். எனக்கு வேலை இல்லை, விசா இல்லை. ஊருக்குப் போகிறேன்.

நீ ஏன் எழுதினாய் என்று மட்டும் சொல். மச்சான் எழுத வேண்டாம்.

சாதிக் பாட்ஷா



ராஸ் அல் கைமா
22.4.1996

பிரியமுள்ள காக்காவுக்கு ஹாலிதாவின் சலாம். உங்கள் சுகத்தைக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நாலு தடவை எழுதி, நாலையும் கிழித்துப் போட்டேன். நோன்பு மாதம் முழுவதும் எழுத நினைத்தேன். பெருநாளும் போய்விட்டது.

பெரியவர் ஜனவரியிலேயே ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார். பாதிக் கடைக்குக் கண்ணாடி போட்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். ஹிஃப்ஸா வாப்பாவுக்கு இங்கே டைல்ஸ் கம்பெனி ஒன்றின் குடோனில் வேலை. பக்கத்திலேயே வீடு. ஜன்னலைத் திறந்தால் கல்லுடைக்கிற தூசி. ஹிஃப்ஸாவைப் பள்ளியிலிருந்து நிறுத்தியிருக்கிறோம். இதையெல்லாம் உங்கள் மனம் இளகட்டும் என்று எழுதவில்லை. நீங்கள் வேறு யாரோ சொல்லிக் கேட்கக் கூடாது என்றுதான்.

கேட்டீர்களே. சொல்கிறேன். ஜூலையில் ஒருநாள் லுஹர் தொழுதுவிட்டு வந்து என் முன்னால் காகிதத்தை வைத்தார்கள். “எழுது” என்றார்கள். என்ன எழுத என்றேன். “ஒங்க காக்கா மவுத்தாயிட்டாங்கன்னு எழுது. அந்தக் கெழவன் வேற யாருக்கும் தரமாட்டேங்கிறான்ல, ஆளே இல்லன்னா தந்துதானே ஆகணும்” என்றார்கள். நான் கத்தினேன். என் வாயால் சொல்லமாட்டேன் என்றேன். “வாயால யாரு சொல்லச் சொன்னா? அது எங்கேயோ கெடக்குற ஊரு, யாருக்குத் தெரியப் போவுது? காக்கா வந்ததும் பங்கு குடுத்துருவோம். இல்லாட்டி, கடைசிவர நான் ஒங்க காக்கா கடையில எடுபிடியா நிக்கணும், அதானே ஒன் ஆச?” என்றார்கள். மூன்று நாள் என்னிடமும் பிள்ளையிடமும் பேசவில்லை. நாலாம் நாள் எழுதினேன். அவர்கள் இரண்டு வரி சொன்னார்கள். நான் எழுதினேன். அவ்வளவுதான் காக்கா.

ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். நீங்கள் வேலையை விடாமலிருந்தால் போதும் என்று நினைத்தேன். அதனால்தான் புதுப்பிக்கச் சொன்னேன். உண்மையைச் சொல்ல எத்தனையோ நாள் போனை எடுத்தேன்.

உம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா? உம்மாவிடமிருந்து கடிதம் வந்தால் பிரிக்கப் பயமாக இருக்கிறது. அடியுங்கள், திட்டுங்கள், எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

தங்கை ஹாலிதா



பிராக்
9.9.1996

ஹாலிதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் ஊருக்கு மே மாதமே வந்துவிட்டது. அப்போது எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

உம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவர்கள் கடிதங்களைப் பயப்படாமல் பிரி.

பெரியவர் டிக்கெட் அனுப்பி வரவழைத்தார். விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் கட்டிப்பிடிக்கவில்லை. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கன்னத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தார். அவர் வீட்டம்மா என் நெஞ்சில் அடித்து அழுதார். வெள்ளிக்கிழமை மறுபடியும் அந்தக் கடைக்குப் போனோம். இருபது படி. அதே மேஜை. அன்று காலியாக விட்ட நாற்காலியை லென்கா காட்டினாள். அதில்தான் என்னை உட்கார வைத்தார்கள். மீன் வந்தது. பட்டறை ஆட்களில் ஒருவர் தன் பீர்க் குவளையைத் தூக்கி ஏதோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். செத்தவன் இவ்வளவு சாப்பிடுவான் என்று தெரியாமல் போயிற்றே என்றாராம். நானும் சிரித்தேன்.

சாப்பாடு முடிந்த பிறகு லென்கா பையிலிருந்து ஒரு உறையை எடுத்தாள். “இது உங்களிடம்தான் இருக்க வேண்டும், எங்கள் அம்மா இத்தனை நாள் பைபிளுக்குள் வைத்திருந்தார்” என்றாள். உன் கடிதம். எனக்கு வந்தது ஒரு பக்கம்தான். முழுக் கடிதம் ஐந்து பக்கம் என்று அப்போதுதான் தெரிந்தது. வாசிக்கச் சொன்னேன். அவள் நிறுத்தி நிறுத்தி, எனக்குப் புரிகிற இங்கிலீஷில் வாசித்தாள்.

மச்சான் சொன்னது இரண்டு வரி என்று எழுதியிருந்தாய். அந்த இரண்டு வரி முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. மீதி நாலு பக்கம் யார் சொல்லி எழுதினாய்?

ஒன்பது வயதில் உனக்கு டைபாய்டு வந்தபோது ராமநாதபுரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினாலு நாள் நான் தூணில் சாய்ந்து தூங்கியதை எழுதியிருக்கிறாய். நீ அப்போது கண்ணே திறக்கவில்லை என்று நினைத்திருந்தேன். நீ காலேஜ் படிக்கட்டும் என்று நான் பத்தாம் வகுப்போடு நிறுத்திக் கப்பலேறியதை எழுதியிருக்கிறாய். நான் போனில் “சாப்பிட்டாச்சு” என்று சொல்லும் குரலிலேயே சாப்பிடவில்லை என்று உனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். உடைந்த பல் தெரியாமல் இருக்க நான் வாயில் கை வைத்துச் சிரிப்பதை எழுதியிருக்கிறாய். பொய் சொல்ல வந்தால் எனக்குக் காது சிவந்துவிடுமாம், அதனால் என் காக்கா வாழ்நாளில் ஒரு பொய்யையும் முழுதாகச் சொன்னதில்லை என்று எழுதியிருக்கிறாய்.

இதில் ஒன்றுகூட மச்சானுக்குத் தெரியாது. சொல்லித் தந்திருக்க முடியாது. இரண்டு வரி மட்டும் எழுதியிருந்தால் பெரியவர் நம்பியிருக்க மாட்டார், ஹாலிதா. சந்தேகப்பட்டு ஷார்ஜாவில் என் பழைய முதலாளிக்கு ஒரு தந்தியாவது அடித்திருப்பார். அந்த நாலு பக்கத்தை வைத்துத்தான் அவர் நம்பினார். அவரே சொன்னார். “இப்படி அழுகிறவள் பொய் சொல்லுவாள் என்று எப்படி நினைப்பது?” என்று.

லென்கா வாசித்து முடித்துக் காகிதங்களை மடித்தாள். நான் அழுதேன். எதற்கு அழுதேன் என்று அவர்கள் வேறு ஏதோ நினைத்திருப்பார்கள். நான் உயிரோடு முப்பத்தொன்பது வருடம் இருந்திருக்கிறேன். ஒரு தடவையாவது எனக்கு இப்படி எழுதியிருக்கிறாயா? வெயில், தலைவலி, மழை, மற்றவை நேரில். அதுதானே எனக்கு வந்தது?

நேற்றுப் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். ஷார்ஜா வேண்டாம் என்றேன். தோஹாவில் நம்மூர் காதர் மைதீன் கஃபீல் பார்த்து வைத்திருக்கிறார். கடை அங்கேதான். ஹிஃப்ஸாவைத் திரும்பப் பள்ளியில் சேர். வேண்டியதை அஃபீஃபா ஊரிலிருந்து அனுப்புவாள். அது பிள்ளைக்காக. அதை வைத்து வேறு எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கடிதத்தை வாங்கிக்கொண்டேன். உனக்குத் திருப்பி அனுப்பமாட்டேன். இனி நீ எனக்கு எத்தனை எழுதினாலும் இதைவிட உண்மையாக எழுதப் போவதில்லை. அதனால் எழுத வேண்டாம்.

வஸ்ஸலாம்.
சாதிக் பாட்ஷா